டோல்கோர் தன் மகனைக் கொழுக்க வைத்த கதை

எங்கள் புல்வெளி ஊரான போர்-ஒவோவில் குழந்தைகளின் உரிமைகளுக்கென்று தனி அறையே உண்டு. வட்டார அலுவலகத்தின் பின்பக்கம், கால்நடைத் தடுப்பூசிகள் இருக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில். ஆட்டுக்கு ஊசி மருந்து வாங்க வருகிறவர்கள் அந்த அறை வழியாகத்தான் போயாக வேண்டும். ஆகவே எங்கள் ஊரில் உரிமைகளை அடிக்கடி எட்டிப் பார்த்தவர்கள் சொறி பிடித்த ஆட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான். சுவரில் ஒரு வண்ணப்படம். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் கைகோத்து உலக உருண்டையைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கும் மூக்கு ஒழுகவில்லை. அது இந்தப் பக்கம் எடுத்த படமில்லை என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள்தான் டோல்கோர். அவளுடைய பதவியின் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பால் டீ ஆறி ஆடை படிந்துவிடும். ஊர் அதைச் சுருக்கி 'உரிமை அக்கா' என்று வைத்துக்கொண்டது. வருடத்துக்கு ஒருமுறை தலைநகரத்துக்கு அழைப்பார்கள். ஒரு ஓட்டலில் உட்காரவைத்து, குழந்தைகளின் பசியைப் பற்றிப் பேசிவிட்டு வயிறு முட்டச் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். அவள் திரும்பி வரும்போது பையில் தொப்பி, பேனா, பனியன் எல்லாம் இருக்கும். 'ஒவ்வொரு குழந்தையும் முக்கியம்' என்று அச்சடித்த அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டுதான் அவள் கணவன் தாம்தின் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவான்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் அவள் கெட்டிக்காரி. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து குதிரையோட்டும் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி நிறையத் தலைக்கவசம் வந்தது. எல்லாம் பெரியவர்கள் அளவு. அந்த நாட்டில் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய தலை போலிருக்கிறது. கவசங்கள் கூடாரம் கூடாரமாகப் போய்ச் சேர்ந்தன. ஒரு வீட்டில் நாய்க்குத் தண்ணீர் வைத்தார்கள், இன்னொரு வீட்டில் எரிக்கச் சாணம் பொறுக்கினார்கள், ஒரு புண்ணியவதி அதில் தயிரை வடிகட்டினாள். டோல்கோர் மோட்டார் சைக்கிளில் போய் ஒவ்வொன்றையும் திட்டித் திட்டி மீட்டு, கழுவி, உள்ளே கம்பளித் துண்டு வைத்துத் தன் கையால் தைத்துச் சின்னத் தலைக்குச் சரியாக்கினாள். அதற்கு அவளுக்கு யாரும் பனியன் கொடுக்கவில்லை.

குளிர்காலத்தில் குழந்தை உரிமை உடன்படிக்கை பற்றி வகுப்பு நடத்துவாள். அடுப்பு நன்றாக எரியும் என்பதால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. உலக நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட ஐம்பத்து நான்கு பிரிவுகளையும் ஆடு மேய்ப்பவர்கள் வாயில் நுழையும்படி சொல்லிக்கொடுத்தாள்.

"பன்னெண்டாம் பிரிவு என்ன?"

"பிள்ள சொல்றதக் காது குடுத்துக் கேக்கணும்!"

"முப்பத்தொண்ணு?"

"வெளையாட்டு, ஓய்வு, பண்பாடு!"

முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் வட்டாரத் தலைவர் ஜிக்மெத். தலைவரே இவ்வளவு ஆர்வமாக இருக்கிறாரே என்று டோல்கோருக்குப் பெருமை தாங்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அவளுக்கு அப்போது எங்கே தெரியும்?

பனி உருகிச் சேறான நாளொன்றில் ஜிக்மெத் அவளைக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. நல்ல சேதி. இந்த வருஷ நாதாம் விழாவுக்கு நம்ம ஊருக்கு ஒரு வெளிநாட்டு அம்மா வராங்க. நிபுணராம். குதிரப் பந்தயத்துல பிள்ளைங்கள எப்படிப் பாதுகாக்கறோம்னு பாக்க வராங்க. நம்ம ஊர முன்மாதிரின்னு எழுதப் போறாங்களாம். எல்லாம் உன்னாலதான்."

"ரொம்ப சந்தோசம் தலைவரே."

"இன்னொண்ணு. என் செந்நிறக் குட்டி இருக்கே, அது இந்த வருஷம் ரெண்டு வயசுக் குதிரைங்க பந்தயத்துல ஓடுது. ரெண்டு வயசுக் குட்டிக்கு ஏது பலம்? இறகு மாதிரி ஆள் வேணும். உம் பையன் பில்குன அனுப்பு."

"தலைவரே, அவனுக்கு ஆறுதான் ஆகுது. சட்டத்துல ஏழுன்னு இருக்கு."

"எந்த ஆறு? பொறந்ததுலேருந்து எண்ணினா ஆறு. வயித்துல இருந்த வருஷத்த எங்கம்மா தொலச்சே? நம்ம பழைய கணக்க மறந்ததுக்கு உங்கப்பா உசுரோட இருந்தா உன்ன அடிச்சே போட்டிருப்பாரு. அதச் சேத்தா ஏழு. புத்தாண்டுக்கு எல்லாருக்கும் ஒரு வயசு கூடிச்சே, அதையும் சேத்தா எட்டு. நான் பெரிய மனசு பண்ணி ஏழுன்னே வெச்சுக்கறேன்."

"உடன்படிக்கைப்படி..."

"உடன்படிக்கையா? நீ சொல்லிக் குடுத்ததுதானே! பன்னெண்டாம் பிரிவு. பையன ஒரு வார்த்த கேட்டியா? கேக்கல. முப்பத்தொண்ணு, பண்பாட்டுல கலந்துக்கற உரிம. குதிரப் பந்தயம் நம்ம பண்பாடு இல்லியா? ஏம்மா, உரிமை அக்காவே பெத்த பிள்ளையோட உரிமையப் பறிச்சா நாடு தாங்குமா?" ஜிக்மெத் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "ஆமா, உன் வேல ஒப்பந்தத்த இந்த இலையுதிர் காலத்துல புதுப்பிக்கணும்ல? ஞாபகப்படுத்து, மறந்துடப் போறேன்."

வீட்டுக்குப் போனால் அவளுக்கு முன்னே சேதி வந்து உட்கார்ந்திருந்தது. பில்குன் தலையணை மேல் ஏறிச் சாட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மா! தலைவரோட செந்நிறக் குட்டி எனக்குத்தான்!"

"யாரு பெத்த பிள்ளடி!" என்றான் தாம்தின். சிரிப்பில் அவன் கரி முகம் முழுக்கப் பல்லாகத் தெரிந்தது.

டோல்கோர் முறைப்படி மகன் முன்னால் குந்தி உட்கார்ந்து, பன்னிரண்டாம் பிரிவுக்கு மரியாதை செய்தாள். "கண்ணு, உனக்கு நெஜமா ஏறணுமா?"

"ஆமா!"

"கீழ விழுந்துட்டா?"

"நான் விழமாட்டேன். விழறவங்கதான் விழுவாங்க."

கேட்டாயிற்று. பிள்ளை சொன்னதைக் காது கொடுத்தும் கேட்டாயிற்று. இனி என்ன செய்வது என்று எந்தப் பிரிவிலும் எழுதியிருக்கவில்லை.

அவளுக்கும் அந்த வயதில் இதே பதில்தான் இருந்தது. விழமாட்டேன் என்றுதான் அவளும் ஏறினாள். நல்ல வேகத்தில் குதிரையின் கால் மர்மோட் என்கிற பெரிய அணில் தோண்டிய வளையில் இறங்கியது. அவள் தூக்கியெறியப்பட்டு இடது மணிக்கட்டு மடங்கிக் கிடந்தாள். அப்பா புழுதியைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் முதலில் குதிரையின் முன்னங்காலைத் தடவித் தடவிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் கால் தடவி முடித்த பிறகுதான் மகள் பக்கம் வந்தார். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. டோல்கோரின் மணிக்கட்டு இன்றைக்கும் கோணல்தான்.

முடியாது என்று சொன்னால் வேலை போகும், அவள் இடத்துக்குத் தலைவரின் கொழுந்தியாள் வருவாள், தலைக்கவசங்கள் மறுபடி தயிர் வடிகட்டப் போகும். மகனும் சாகும்வரை மன்னிக்கமாட்டான். சரி என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளையைக் குதிரைக்குட்டி மேல் கட்டி வெட்டவெளியில் விரட்ட வேண்டும். இப்படி இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டிருந்தவளுக்கு வழி காட்டியது உலக நாடுகள் அல்ல, குதிரை பழக்கும் லுவ்சான்.

தலைவரின் குதிரைகளைப் பழக்குவது அவன்தான். பந்தயத்துக்குப் பிள்ளை பொறுக்குவதற்கு அவனிடம் தராசும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பான், ஆட்டுக்குட்டியைப் பார்க்கிற மாதிரி. கை லேசாக இருந்தால் எடுத்துக்கொள்வான், கனத்தால் இறக்கி விட்டுவிடுவான். கடை வாசலில் அவன் யார் வீட்டுப் பையனையோ தூக்கிப் பார்த்துவிட்டு, "போடா, உங்கம்மா நல்லா சமைக்கறா" என்று இறக்கிவிட்டதை டோல்கோர் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பிறகு நேரே கடைக்குள் போய் ஒரு மூட்டை மாவு வாங்கினாள்.

அன்றைக்கே எண்ணெய்ச் சட்டி ஏறியது. காலையில் கறி வைத்துப் பொரித்த ஹூஷூர். பத்து மணிக்குப் பாலாடையைத் தடவி அதன் மேல் சர்க்கரை தூவிய ரொட்டி. மத்தியானம் செம்மறியாட்டின் கொழுப்பு வாலைத் துண்டு துண்டாகப் போட்டு நூடுல்ஸ். மாலையில் மறுபடி ஹூஷூர். குழந்தையின் நலனே முதன்மை என்கிறது மூன்றாம் பிரிவு. அந்த நலனை ஆட்டுக்கொழுப்பில் பொரித்தெடுக்கலாம் என்று ஜெனீவாவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை, பாவம். 'இனிப்பைக் குறைப்போம், உடல்நலம் காப்போம்' என்று அவளே பள்ளிக்குப் போய் ஒட்டுகிற படத்தின் ஒரு பிரதி வீட்டில் இருந்தது. அதைத் திருப்பி மாட்டினாள்.

"ஏண்டி, வீட்ல ஏதாச்சும் விசேஷமா?" என்றான் தாம்தின்.

"வளர்ற பிள்ள. சாப்பிட வேணாமா?"

"வளரட்டும், வேணாங்கல. பக்கவாட்டுலல்ல வளர்றான்!"

பில்குனும் நல்ல பிள்ளை, போட்டதெல்லாம் சாப்பிட்டான். பந்தயத்துக்குப் பலம் வேண்டும் என்று அம்மா சொன்னதை அப்படியே நம்பினான். கன்னம் இரண்டும் உப்பிக் கண் சிறுத்தது. சட்டைப் பொத்தான் போடமுடியவில்லை. தெருப்பிள்ளைகள் 'கொழுப்பு வால்' என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் மூச்சு வாங்க ஓடிவந்து, "அம்மா, என்னக் கொழுப்பு வாலுன்றாங்க" என்று அழுதான். அவனைக் கட்டிக்கொண்டபோது கைகள் முன்போல முதுகுக்குப் பின்னால் சேரவில்லை. பாவி, பெற்ற பிள்ளையை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொள்ளட்டும் என்று இன்னொரு ஹூஷூரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

புல் நன்றாகப் பச்சை பிடித்த பிறகு லுவ்சான் சொல்லியனுப்பினான். டோல்கோர் மகனைக் கூட்டிக்கொண்டு போனாள். குதிரைகளைக் கட்டியிருந்த இடத்தில் ஜிக்மெத்தும் நின்றுகொண்டிருந்தார். லுவ்சான் வழக்கம்போல அக்குளில் கையைக் கொடுத்தான், தூக்கினான். முகம் சிவந்தது. மறுபடி மூச்சுப் பிடித்துத் தூக்கினான்.

"ஏம்மா டோல்கோரு, பையன அனுப்பச் சொன்னா மூட்டையக் கட்டி அனுப்பியிருக்கே? இவன் ஏறினா குட்டி படுத்துக்கும். பேசாம குட்டிய இவன் முதுகுல ஏத்தி ஓட விடலாம்."

ஜிக்மெத் பையனைப் பார்த்தார். பிறகு டோல்கோரைப் பார்த்தார். "நல்லாத்தான் வளத்திருக்கே," என்றார். தாயொருத்தி தன் பிள்ளைக்கு நிறையச் சோறு போட்டாள் என்று குற்றம் சாட்ட அவருக்கும் ஒரு பிரிவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் விட்டிருப்பாரா?

பில்குன் வீடு வரைக்கும் அழுதான். "நீதான் சாப்பிடச் சொன்னே! எல்லாம் உன்னாலதான்!" என்று அம்மாவின் தொடையில் குத்தினான். அவள் வாங்கிக்கொண்டாள். அலுவலகத்துக்குப் போய் அறைக் கதவைச் சாத்தி, தடுப்பூசிப் பெட்டிக்கு மேல் தலையைச் சாய்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் செந்நிறக் குட்டியில் இனி யார் ஏறுவார்கள் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் விடவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

நாதாம் அன்று மைதானம் விரிகிற இடமெல்லாம் குதிரைகள். நிபுணர் அம்மா மார்கிட் வந்து இறங்கினாள், ஒல்லியாக, உயரமாக, எதைப் பார்த்தாலும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளன். ஜிக்மெத் பட்டுக் கச்சை கட்டி, ஐராக் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டி வரவேற்றார். புளித்த குதிரைப்பாலை ஒரு மிடறு குடித்ததும் அந்த அம்மாவின் முகம் போன போக்கை ஊரே ரசித்தது. டோல்கோர் பதிவு மேசையில் தலைக்கவசங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பில்குன், புதுச்சட்டையில், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

தலைவரின் செந்நிறக் குட்டிக்கான முறை வந்தது. மேசை முன்னால் வந்து நின்றவள் செவெல்மா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மகள் அனுஜின், குச்சிபோல.

டோல்கோருக்குக் கை நின்றுவிட்டது. செவெல்மாவை அவளுக்குத் தெரியாதா? போன குளிர்காலத்தில் பனி இறுகி, அவள் மந்தை மேய்ச்சலில்லாமல் நின்றவாக்கிலேயே செத்துப்போனது. இப்போது ஊர் எல்லையில் ஓட்டைக் கூடாரம். அனுஜினையும் தெரியும், மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். பிள்ளை பெறப் போனபோது ஊர் மருத்துவமனையில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பில்குன் காலையில் பிறந்தான், அனுஜின் அன்று சாயங்காலம்.

ஜிக்மெத் மேசையருகில் வந்தார். பின்னாலேயே மார்கிட் அம்மாவும் மொழிபெயர்ப்பாளனும்.

"வயசெல்லாம் சரிதானே டோல்கோர்?" என்றார் ஜிக்மெத், தேன் ஒழுக. "எழுதிக்கோ. ஏழு."

டோல்கோர் செவெல்மாவைப் பார்த்தாள். ஆறு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா, நான் பிடித்துக்கொள்கிறேனே என்று பார்த்தாள். செவெல்மா தரையைப் பார்த்தாள். ஜிக்மெத்தோ பில்குனின் உப்பிய கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளி, "நம்ம பில்குனும் அதே வயசுதானே. பாவம், ஒடம்புதான் போட்டுடுச்சு. எப்படிப் போட்டுச்சுன்னு இவங்ககிட்டச் சொல்லலாமா?" என்றார்.

"ஏழு," என்றாள் டோல்கோர். "வயித்துல இருந்த வருஷத்தையும் சேத்து."

மொழிபெயர்ப்பாளன் அதை விளக்கினான். மார்கிட் அம்மாவின் கை நெஞ்சுக்குப் போனது. பிறக்கும் முன்பே குழந்தையை மனிதராக எண்ணுகிற இப்படியொரு மக்களை உலகத்தில் தான் எங்குமே பார்த்ததில்லை என்றாள். கண் கலங்க, வேகவேகமாக எழுதிக்கொண்டாள். பிறகு அனுஜினிடம் குனிந்து, உனக்குக் குதிரை ஏறப் பிடிக்குமா என்று கேட்கச் சொன்னாள். அனுஜின் அம்மாவைப் பார்த்தாள், பிறகு தலையாட்டினாள். பிள்ளையின் கருத்தையும் கேட்டாயிற்று. டோல்கோர் தன் கையால் தைத்த கவசத்தை அனுஜினின் தலையில் வைத்து வாரைக் கட்டும்போது மார்கிட் அம்மா படம் எடுத்தாள். டோல்கோர் சிரிக்கவில்லை என்று இன்னொன்றும் எடுத்தாள்.

பிள்ளைகள் குதிரைமேல் வட்டமடித்துப் பாடிவிட்டு, பந்தயம் தொடங்குகிற தொலைவிடத்துக்குப் போக மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தார்கள். பெரியவர்கள் ஹூஷூர் வாங்கித் தின்றார்கள். வெகுநேரம் கழித்துத் தொலைவில் புழுதி கிளம்பியது. ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டிகள் வந்தன. மற்றவர்கள் குதிரை நிறத்தைச் சொல்லிக் கூவ, டோல்கோர் கவசங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வந்தது, நீலம் வந்தது, மறுபடி சிவப்பு வந்தது. அனுஜினின் மஞ்சள் வரவில்லை. கூட்டம் கலையத் தொடங்கிய பிறகு, எல்லோருக்கும் கடைசியாக, நடந்தும் ஓடியுமாக வந்தது செந்நிறக் குட்டி. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அனுஜின் இருந்தாள். இருந்தாள், அது போதும்.

கடைசியாக வருகிற இரண்டு வயதுக் குட்டிக்கு எங்கள் பக்கத்தில் தனி மரியாதை உண்டு. பாட்டுக்காரர் அதை நடுவில் நிறுத்தி, ஐராக் தெளித்து, ராகம் போட்டுப் புகழ்ந்து தேற்றுவார். குட்டிமேல் குற்றமில்லை, வழி நீளம், பழக்கியவன் சோம்பேறி, அடுத்த வருஷம் நீதான் முதல் என்று பாடுவார். அன்றைக்கும் பாடினார். "மேலே ஏறின பிள்ளையோ மிகச் சின்னது!" என்று குரலை உயர்த்தி நீட்டி இழுத்தார். அன்று அந்த மைதானத்தில் அந்த உண்மையை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். எல்லோரும் கை தட்டினார்கள். ஜிக்மெத்தும் தட்டினார். மார்கிட் அம்மா எழுந்து நின்று தட்டினாள்.

டோல்கோர் தட்டவில்லை. ஒரு காகிதத்தில் ஹூஷூர்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு குதிரைகளுக்குப் பின்னால் போனாள். செவெல்மா மகளை மடியில் போட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் உதடு வெடித்திருந்தது, தொடை இரண்டும் உரிந்து சிவந்திருந்தன. அழக்கூட இல்லை. கவசத்தைக் கழற்றக் கூடத் தெம்பில்லாமல் தூங்கிப்போயிருந்தாள்.

டோல்கோர் வாரை அவிழ்த்தாள். "இந்தா, பிள்ள எழுந்தா குடு," என்று பொட்டலத்தை நீட்டினாள். "செவெல்மா, என்ன மன்னிச்..." என்று தொடங்கினாள்.

"நீங்க பில்குன என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா," என்றாள் செவெல்மா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டோல்கோர் பிழைத்திருப்பாள். "கடைக்காரம்மா சொன்னா, உரிமை அக்கா மூட்ட மூட்டையா வாங்கிப் போறாங்கன்னு. அப்பவே புரிஞ்சுபோச்சு. நல்ல யோசனைக்கா. நானும் இவள அப்படிப் பண்ணிடலாமான்னுதான் பாத்தேன்."

பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, சூடு ஆறாமல் மறுபடி மடித்துக் கச்சைக்குள் செருகிக்கொண்டாள்.

"மாவுக்கு எங்கக்கா போறது? ரெண்டு மூட்ட தரேன்னு தலைவர் சொன்னாரு. அதுக்குத்தானே இவள ஏத்தினேன்."

மேசைப் பக்கமிருந்து ஜிக்மெத் கூப்பிட்டார். நிபுணர் அம்மா கிளம்புகிறார்கள், எல்லோருமாக ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், உரிமை அக்கா நடுவில் நிற்க வேண்டும் என்றார். டோல்கோர் எழுந்து போய் நடுவில் நின்றாள்.